டேட்டா எடுத்து முடிச்சு நின்னுபோன பிஎச்டிய முடிச்ச கதை

ஈரோடு பக்கத்து மஞ்சள் விவசாயிங்க சரக்கை எங்க விக்கறாங்க, சிலர் ஏன் ரெகுலேட்டட் மார்க்கெட்டுக்கு (அரசு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம்) கொண்டுவராம குடோன்லயே போட்டு வைக்கறாங்க, இதுதான் என் டாபிக். பார்ட்டைம், காலேஜ்ல கிளாஸ் எடுத்துக்கிட்டே பண்ணது. கோர்ஸ்வொர்க் முடிஞ்சுது, ஊர் ஊரா போய் கொஸ்டினரி நிரப்பி வாங்கி எஸ்பிஎஸ்எஸ்ங்கற புள்ளியியல் சாஃப்ட்வேர்ல ஏத்தியாச்சு, அதோட நின்னுபோச்சு. நடுவுல பாப்பா பொறந்தா. நான் பார்த்த வரைக்கும் நெறைய ஸ்காலர்ஸ் நிக்கற இடம் இதுதான், டேட்டா இருக்கும், தீசிஸ் இருக்காது.

எங்க கைடுகிட்ட எனக்கு முன்னாடி முடிச்ச அக்கா ஒருத்தங்க போன்ல பேசினப்போ, "மொத சேப்டர மூடி வை கண்ணு, அனாலிசிஸ்ல இருந்து ஆரம்பி"ன்னாங்க. ஒரு டேபிள், அதுக்குக் கீழ அது என்ன சொல்லுது, ஏன் அப்படி வந்திருக்கும், வேற யாராவது இதையே பார்த்திருக்காங்களா, அவ்ளோதான் எழுதணும். வாரா வாரம் ஞாயித்துக்கிழமை எழுதினத அவங்களுக்கு அனுப்பணும், திருத்தல்லாம் மாட்டாங்க, "சரி, அடுத்த வாரம் எந்த டேபிள்?"னு மட்டும் கேப்பாங்க. அந்த ஒரு கேள்விக்காகவே பாப்பா தூங்கினப்புறம் உக்காந்து எழுதியிருக்கேன். அனாலிசிஸ் முடிஞ்சப்போ எந்தப் பேப்பரெல்லாம் நெஜமா தேவைன்னு தெளிவாயிடுச்சு, அதனால வருஷக்கணக்கா இழுத்த லிட்டரேச்சர் ரிவ்யூ சீக்கிரமே முடிஞ்சுது. இன்ட்ரடக்‌ஷன் கடைசியா எழுதினேன்.

அடுத்தது டைம். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 பிஎச்டி ரெகுலேஷன்படி பொதுவா 6 வருஷம், ரீ-ரிஜிஸ்ட்ரேஷன் பண்ணா இன்னும் 2 வருஷம் வரைக்கும் கெடைக்கும், பெண்களுக்கு அதுக்கு மேலயும் 2 வருஷம், ஆக மொத்தம் 10 வருஷத்துக்குள்ள முடிக்கலாம். மெட்டர்னிட்டி, சைல்ட் கேர் லீவு 240 நாள் வரைக்கும் உண்டு. இத யாரும் தானா வந்து சொல்றதில்ல, அதனாலயே குழந்தை பொறந்ததும் "இனி முடியாது"ன்னு விட்டுட்டுப் போன ரெண்டு பேர எனக்குத் தெரியும், ரொம்ப வருத்தமா இருக்கும். ரிஜிஸ்ட்ரேஷன் லெட்டர்ல இருக்கற தேதிய எடுத்து எண்ணிப் பாருங்க, எக்ஸ்டென்ஷன் லெட்டர டேட் முடியறதுக்கு முன்னாடியே குடுங்க.

பிளேஜியரிசம், அதாவது அடுத்தவங்க எழுத்த காப்பி அடிக்கறது, இத பத்தி எல்லாரும் பயப்படறாங்க. தீசிஸ்ல மத்தவங்க எழுத்தோட ஒத்துப்போறது 10% வரைக்கும் பிரச்சனை இல்ல, அதுக்கு மேல 40% வரைக்கும் போனா திருத்தி 6 மாசத்துக்குள்ள திரும்பக் குடுக்கச் சொல்லுவாங்க. ரெஃபரன்ஸ் லிஸ்ட், பொருளடக்கம், சட்டப் பிரிவு, ஸ்டாண்டர்டு ஃபார்முலா இதெல்லாம் கணக்குல வராது, லைப்ரரில ரிப்போர்ட் எடுக்கறப்போ இதையெல்லாம் எக்ஸ்க்ளூட் பண்ணியிருக்காங்களான்னு கேட்டுக்கோங்க. எனக்கு ஆய்வு முறைய சொல்ற மெத்தடாலஜி சேப்டர்லதான் ஒத்துப்போற வரின்னு ரிப்போர்ட்ல நெறைய கலர் அடிச்சுது, புள்ளியியல் டெஸ்ட் பேருக்கெல்லாம் ஒரே மாதிரி வரிதானே எல்லாரும் எழுதறாங்க, நான் ஏன் அந்த டெஸ்ட்ட எடுத்தேன்னு என் டேட்டாவ வச்சு எழுதினதும் கொறைஞ்சுது.

சினாப்ஸிஸ் (தீசிஸுக்கு முன்னாடி குடுக்கற சுருக்கம்) குடுக்கறதுக்கு முன்னாடியே ஃபீஸ் பாக்கி, லைப்ரரி நோ டியூஸ், மார்ஜின், பைண்டிங் கலர் வரைக்கும் பார்த்து வச்சுக்கோங்க. சப்மிட் பண்ணப்புறம் எக்ஸாமினர் ரிப்போர்ட்டுக்கு காத்திருக்கறதுதான் கொடுமை, வைவா (நேர்முக வாய்மொழித் தேர்வு) ரிசல்ட் வரைக்கும் 6 மாசத்துக்குள்ள முடியற மாதிரி யுனிவர்சிட்டி பார்த்துக்கணும்னு அதே 2022 ரெகுலேஷன்ல இருக்கு, அதனால செக்‌ஷனுக்குப் போய் மரியாதையா கேக்கலாம், தப்பே இல்ல. அப்புறம் வைவா அன்னைக்கு சாப்பாடு, சால்வை, கிஃப்ட்னு கடன் வாங்கி செலவு பண்ற பழக்கம் இருக்கு பாருங்க, அது சுத்தமா ஒழியணும்ங்க, ஸ்டைபண்ட் இல்லாத புள்ளைங்க அதுக்குப் பயந்தே தள்ளிப் போடறாங்க.

இப்போ அக்கா கேட்ட அதே கேள்விய நான் ரெண்டு ஜூனியர்ஸ்கிட்ட ஞாயித்துக்கிழமை கேக்கறேன். ஒருத்தி சினாப்ஸிஸ் குடுத்துட்டா. இன்னொரு தம்பி மூணாவது டேபிள்ல இருக்கான், கை-ஸ்கொயர்ங்கற புள்ளியியல் டெஸ்ட் வரமாட்டேங்குதாம், நாளைக்கு உக்காந்து பார்க்கணும்.