இருபதாவது குரோமோசோம்

விலங்கியல் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குரோமோசோம்களோடு காலம் தள்ளிய எனக்கு, இந்த வேலையில் எது கடினம் என்று கேட்டால், எண்ணுவதுதான் என்பேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

எங்கள் முதுகலைச் செய்முறை வகுப்புக்கு உகந்த உயிர் எருக்கஞ்செடி வெட்டுக்கிளி. மஞ்சளும் நீலப்பச்சையும் பட்டையடித்த அந்தப் பூச்சி சாலையோர எருக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். கையில் பிடித்தால் நீரைப் பீய்ச்சும். ஆண் பூச்சியின் வயிற்றைத் திறந்து, கொழுப்போடு ஒட்டிக் கிடக்கும் விந்தகத்தைப் பிரித்தெடுத்து, மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் போட்டு வைப்போம். பிறகு ஓரிரு நுண்குழல்களை மட்டும் ஸ்லைடில் வைத்து, குரோமோசோம்களுக்கு நிறமேற்றும் அசிட்டோகார்மைன் சாயம் விட்டு, கவர்ஸ்லிப்பால் மூடி, ஸ்பிரிட் விளக்கில் இளஞ்சூடு காட்டி, பிளாட்டிங் தாளை மேலே வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். விரல் நூலளவு பக்கவாட்டில் நகர்ந்தாலும் செல்கள் சுருண்டுவிடும். அந்த அழுத்தம் கைவர எனக்கு ஒரு பருவம் முழுவதும் பிடித்தது.

அப்படி ஒருவழியாக நன்றாக விரிந்த முதல் செல்லை வரைந்து, குரோமோசோம்கள் 20 என்று எழுதிப் பேராசிரியரிடம் நீட்டினேன். அவர் நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதில் இருபதாவது எது? காட்டு பார்ப்போம்" என்றார். காட்ட முடியவில்லை. இந்தப் பூச்சியில் பெண்ணுக்கு 20. ஆணுக்கு ஒய் குரோமோசோமே கிடையாது, ஒற்றை எக்ஸ் மட்டும்தான் என்பதால் 19. குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாகத்தான் இருக்கும் என்று பள்ளியில் படித்தது என் பென்சிலுக்குள் புகுந்து, இல்லாத ஒன்றை வரைந்திருந்தது.

வெட்கம் ஆறியது மனிதக் குரோமோசோமின் கதையைப் படித்தபோதுதான். டெக்சாஸில் பணியாற்றிய விலங்கியலாளர் தியோஃபிலஸ் பெயின்டர், தெளிவான செல்களில் 46 தெரிவதாக 1921இல் எழுதியவர், 1923இல் 48 என்று முடிவு செய்தார். அதன்பின் பலரும் 48 என்றே எண்ணினார்கள். 1952இல் டி.சி. சூ, உப்புக் குறைந்த கரைசலில் செல்கள் உப்பி, குரோமோசோம்கள் விலகி நிற்பதைக் கண்டறிந்தார். அத்தனை தெளிவான ஸ்லைடுகளைக் கையில் வைத்துக்கொண்டு அவரும் 48 என்றே எழுதினார். 1956இல் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் ஸ்வீடனின் லுண்ட் நகரிலிருந்து 46 என்று வெளியிட்டபோதுதான் அது மாறியது.

பின்னாளில் வகுப்பில் பரிணாமப் பாடம் நடத்தும்போது நான் விடாமல் சொன்ன உதாரணம் கேளையாடு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் நாய் குரைப்பதுபோல் குரல் கொடுக்கும் அந்தச் சிறுமானில் பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7 குரோமோசோம்கள்தான் என்று 1970இல் வர்ஸ்டரும் பெனிர்ஷ்கேயும் அறிவித்தார்கள். உருவில் ஏறக்குறைய அதைப்போன்றே இருக்கும் சீனக் கேளையாட்டுக்கோ 46. பல சிறிய குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிக்கொண்டதால் எண்ணிக்கை குறைந்ததே தவிர, மரபுச் செய்தி அந்த அளவுக்குக் குறைந்துவிடவில்லை. இத்தகைய மாற்றங்களே புதிய இனத்தைப் பிரித்துவிடக்கூடும் என்று, ஆஸ்திரேலியாவின் இறக்கையற்ற வெட்டுக்கிளிகளை ஆராய்ந்த எம்.ஜே.டி. ஒயிட் வாதிட்டார். இளமையில் அதை முழுமையாக நம்பினேன். இப்போது பாதிதான் நம்புகிறேன். பிரிந்த இனங்களில் மாற்றம் இருப்பது வேறு, அந்த மாற்றமே பிரித்தது என்பது வேறு.

ஓய்வு பெற்ற ஆண்டில் ஒரு மாணவி 18 என்று எழுதிக்கொண்டு வந்தாள். பத்தொன்பதாவது எங்கே என்று கேட்டதற்கு, "அழுத்தும்போது வெளியே போயிருக்கும் சார்" என்றாள். செல்லின் ஓரம் உண்மையிலேயே கிழிந்திருந்தது. எழுதியதை அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த செல்லைத் தேடச் சொன்னேன்.