நார்செட் படிப்பவர்களுக்கு: கதீட்டர் பாடத்தை நான் வார்டில் படித்த விதம்

எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் வேலைக்கான நார்செட் தேர்வுக்குப் படித்த காலத்தில் எனக்கு ஆண்கள் மெடிக்கல் வார்டில் டியூட்டி. எப்போதும் ஏழெட்டுப் பேருக்காவது ஃபோலிஸ் கதீட்டர், அதாவது சிறுநீரை வெளியேற்றச் சிறுநீர்ப்பைக்குள் போட்டு வைக்கும் குழாய், இருக்கும். அப்படியிருந்தும் ஒரு மாதிரித் தேர்வில் கதீட்டர் பற்றிய ஐந்து கேள்விகளில் மூன்றைத் தவறாகக் குறித்தேன். ஒரு தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிந்துவிடும். ஆனால் எனக்கு உறைத்தது அது இல்லை. அந்த மூன்றுமே நான் தினமும் கையால் செய்கிற வேலைகள்.

கதீட்டர் உள்ளே இருக்கும் நாட்களில் சிறுநீர்த் துவாரத்தை எதைக்கொண்டு சுத்தம் செய்வது? பீட்டாடின் என்ற கிருமிநாசினியைக் குறித்தேன், எங்கள் வார்டு வழக்கம் அதுதான். அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சிடிசியின் 2009 வழிகாட்டுதல்படி, தினமும் குளிக்கும்போது செய்கிற சாதாரணச் சுத்தமே போதும், கிருமிநாசினி தேவையில்லை. கதீட்டரைப் போடும் நேரத்துக்கான விதி வேறு, அங்கே கிருமி படாமல் செய்யும் முழு அசெப்டிக் முறை வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை கதீட்டரை மாற்றுவது என்பதிலும் ஏமாந்தேன். அதே வழிகாட்டுதல் நாள் கணக்கு வைத்து மாற்றச் சொல்லவில்லை. அடைப்பு, தொற்று, குழாயும் பையும் சேர்ந்த மூடிய அமைப்பு பிரிந்துபோவது போன்ற காரணம் இருந்தால்தான் மாற்ற வேண்டும்.

மூன்றாவது, சிறுநீர் சேரும் பையான யூரோபேக் எங்கே இருக்க வேண்டும் என்பது. முந்தைய வாரம்தான் ஒரு பெரியவரை ஸ்கேனுக்கு அனுப்பும்போது பையைத் தூக்கி அவர் வயிற்றின்மேல் வைத்து ஸ்ட்ரெச்சரைத் தள்ளிவிட்டேன். சீனியர் சிஸ்டர் ஓடி வந்து எடுத்துக் கீழே மாட்டினார். "பையில் இருப்பது திரும்ப உள்ளே போகும்மா" என்றார், அவ்வளவுதான். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

அதன் பிறகு படிக்கும் முறையை மாற்றினேன். கிருமி உள்ளே போக இரண்டு வழிதான்: குழாயின் வெளிச்சுவரை ஒட்டி ஏறுவது, பையிலிருந்தும் இணைப்புகளிலிருந்தும் குழாயின் உள்வழியே ஏறுவது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி விதிகளுக்கு மனப்பாடமே வேண்டாம். பை சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்க வேண்டும், ஆனால் தரையில் படக்கூடாது. குழாய் இழுபடாமல் தொடையில் ஒட்டியிருக்க வேண்டும். இணைப்பைக் கழற்றக்கூடாது. கல்ச்சருக்கு (கிருமிப் பரிசோதனைக்கு) சிறுநீரைப் பையிலிருந்து எடுக்காமல், குழாயில் அதற்கென்று இருக்கும் சாம்பிள் போர்ட்டைத் துடைத்துவிட்டு ஸ்டெரைல் சிரிஞ்சால் எடுக்க வேண்டும்.

நம் வார்டுகளில் அதிகம் தவறுவது பையைக் காலி செய்யும்போதுதான் என்று நினைக்கிறேன். ஒரே ஜக், ஒரே கிளவுஸ், வரிசையாக எல்லாப் படுக்கைக்கும். ஒவ்வொரு நோயாளிக்கும் தனி ஜக் வேண்டும், பையின் வாய் ஜக்கில் படக்கூடாது, ஒருவரை முடித்ததும் கிளவுஸைக் கழற்றிக் கை சுத்தம் செய்த பிறகுதான் அடுத்தவர். ஆள் குறைவான இரவில் இது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு படுக்கையின் கிருமியை அடுத்த படுக்கைக்குக் கொண்டுபோவது நம் கைதான்.

கதீட்டர் தொற்றைத் தடுக்கச் சிறந்த வழி எது என்று கேட்டால், தேவையில்லாமல் போடாதது, போட்டதைச் சீக்கிரம் எடுப்பது என்ற விடையைத் தேடுங்கள். கதீட்டர் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். அறுவை சிகிச்சைக்காகப் போட்டது என்றால், தொடர்ந்து வைக்கக் காரணம் இல்லாதபோது 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவது நல்லது.

நான் பையில் ஒரு பிளாஸ்டர் ஒட்டி, கதீட்டர் போட்ட தேதியை அதில் எழுத ஆரம்பித்தேன். காலை ரவுண்ட்ஸில் டாக்டரிடம் "சார், இவருக்கு இன்னும் வேணுமா?" என்று கேட்பேன். முதல் நாளே அந்த ஸ்கேன் பெரியவருக்கு எடுக்கச் சொல்லிவிட்டார்கள். எடுத்த பிறகு ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் தானாகச் சிறுநீர் போகிறதா என்று பார்த்து, அளவைச் சார்ட்டில் எழுதுங்கள். அதிலிருந்தும் கேள்வி வரும்.