கடித்தது எத்தனை மணிக்கு?

அவசர மருத்துவத்தில் எம்.டி. சேரும் தம்பி தங்கைகள் முதல் மாதத்திலேயே கேட்பது ஒன்றுதான்: தீஸிஸுக்கு என்ன தலைப்பு எடுக்கலாம்? இந்தத் துறையைத் தனிப் பிரிவாக இந்திய மருத்துவக் கவுன்சில் ஏற்றுக்கொண்டது 2009-இல்தான். பொது மருத்துவத்துக்கு இருப்பதுபோல மூத்தவர்களின் பழைய ஆய்வேடுகள் நூலகத்தில் அடுக்கடுக்காகக் கிடைக்காது. நானும் திணறினேன். செப்சிஸ் என்னும் கடும் தொற்றுப் பாதிப்போடு வரும் நோயாளிகளின் ரத்தத்தில் ஏதோ ஒரு புரதத்தை அளக்கப் போகிறேன் என்று பத்துப் பக்கம் எழுதிக்கொண்டு கைடிடம் போனேன். "ஒரு கிட் என்ன விலை? ராத்திரி மூன்று மணிக்கு அதை யார் ஓட்டுவார்கள்?" என்றார். இரண்டு கேள்வியில் பத்துப் பக்கமும் போயிற்று.

"நம் வார்டுக்குத் தினமும் வருவது எதுவோ அதை எடு" என்று அனுப்பிவைத்தார். எங்கள் வார்டுக்குத் தினமும் வந்தது பாம்புக்கடி. கடித்ததிலிருந்து முதல் டோஸ் ஏ.எஸ்.வி. (பாம்பு விஷமுறிவு மருந்து) ஏறும்வரை கழியும் நேரத்துக்கும் பிறகு வரும் சிறுநீரகப் பாதிப்புக்கும் உள்ள தொடர்பு என்று தலைப்பு முடிவானது. பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினால் ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ரெக்கார்டு அறையில் தூசியோடு நூறு ஷீட் பார்த்ததும் கணக்கு கலைந்தது. 'பாம்பு கடித்ததாகச் சொல்கிறார்' என்று இருக்கிறது. எப்போது கடித்தது என்பது பாதிக்கு மேற்பட்ட ஷீட்டுகளில் எழுதப்படவே இல்லை. அப்படி எழுதாமல் விட்டவர்களில் ஹவுஸ் சர்ஜனாக இருந்த நானும் ஒருவன். கையெழுத்து காட்டிக்கொடுத்தது.

ஆகவே வரும் நோயாளிகளை வந்தவுடன் பதிவு செய்யும் ஆய்வாக மாற்றினோம். இதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் சி.டி.ஆர்.ஐ. என்ற தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவும் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். பதிவு எண் வருவதற்குள் நல்ல கேஸ் வந்துவிட்டதே என்று கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள்.

"எத்தனை மணிக்குக் கடித்தது?" என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் மணி சொல்பவர் குறைவு. "மாடு கட்டப் போகும்போது" என்பார்கள். "கடைசி டவுன் பஸ் போனதற்கு அப்புறம்" என்பார்கள். ஒரு பாட்டி, "கரண்ட் வந்து கொஞ்ச நேரத்தில்" என்றார். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகுதான் இவை என் குத்துமதிப்பைவிடத் துல்லியமானவை என்று புரிந்தது. பஸ்ஸுக்கு நேரம் உண்டு, பால் சொசைட்டிக்கு நேரம் உண்டு. 108-ஐக் கூப்பிட்ட நேரம் உடன் வந்தவரின் கைப்பேசியிலேயே இருக்கும், காட்டச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் டோஸ் போட்டு அனுப்பியிருந்தால் அந்தச் சீட்டில் உள்ள நேரம்தான் கணக்கு, நம் வார்டில் ஏறிய நேரம் அல்ல.

கட்டுவிரியன் வேறு கதை. தரையில் படுத்துத் தூங்குகிறவரைக் கடிக்கும். வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. விடிகாலையில் வயிற்றுவலி என்று எழுந்து, இமை தூக்க முடியாமல் வருவார். கடித்த நேரம் அவருக்கே தெரியாது. அதனால் என் படிவத்தில் உறுதி, தோராயம், தெரியாது என்று மூன்று கட்டம் வைத்தேன். முடிவுகளை எழுதும்போது என்னைக் காப்பாற்றியது அந்த மூன்று கட்டம்தான்.

இனி சொல்வது என் தவறு. கண்ணாடிவிரியன் கடியில் ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் இருபது நிமிடப் பரிசோதனை எல்லோருக்கும் தெரியும்: சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம், ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம், பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்ப்பது. உறையாமல் ஓடினால் 10 குப்பி ஏ.எஸ்.வி. ஆய்வு தொடங்கி இரண்டாவது மாதத்தில் ஒருவருக்கு ரத்தம் தண்ணீராக ஓடியது, மருந்து ஏற்றினோம். பிறகு வந்த ஆய்வக அறிக்கையில் உறைநேரம் இயல்பாக இருந்தது. அடுத்த வாரம் இன்னொருவருக்கும் அதே கதை. கைடு என்னை எதுவும் கேட்காமல் வார்டு சிங்க்குக்கு அழைத்துப்போனார். குழாய்களைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கண்ணாடியின் பரப்பு பட்டுத்தான் உறைதல் தொடங்குகிறது. அதன்மேல் சோப்புப் படலம் இருந்தால் நல்ல ரத்தமும் உறையாது. பிளாஸ்டிக் குழாயிலும் இதே தொல்லை.

இரண்டு பேருக்குத் தேவையில்லாமல் மருந்து ஏறியிருக்கிறது. ஒவ்வாமையில் மூச்சு முட்டாமல் தப்பித்தது அவர்கள் நல்ல காலம். அதுவரை செய்த பரிசோதனை முடிவுகளை எல்லாம் ஆய்விலிருந்து நீக்கினேன். அன்று முதல் புதுக் குழாய் மட்டும்தான். சந்தேகம் வந்தால் என் கையிலிருந்தே 2 மி.லி. எடுத்துப் பக்கத்தில் இன்னொரு குழாயில் வைப்பேன். என் ரத்தமும் உறையவில்லை என்றால் குற்றம் குழாயில். ஸ்டாஃப் நர்ஸ் அக்கா, "டாக்டருக்கும் இரும்புச்சத்து மாத்திரை எழுதட்டுமா?" என்று கேலி செய்வார்.

ஒப்புதல் படிவத்தில் 'ஆராய்ச்சி' என்ற சொல்லைப் பார்த்ததும், புது மருந்தை இவர்மேல் சோதிக்கிறார்கள் என்று உறவினர்கள் பின்வாங்கினார்கள். சிகிச்சை வழக்கம்போலத்தான் நடக்கும், நடப்பதைக் குறித்துக்கொள்கிறோம், வேண்டாம் என்றாலும் வைத்தியம் மாறாது என்று முதல் மூன்று வரியில் எழுதிய பிறகு பேச்சு சுலபமானது. அதையும் மருந்து ஏறி நிலைமை சற்று அமைதியான பிறகே கேட்டேன்.

இறுதித் தேர்வின் நான்கு எழுத்துத் தாள்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படித்தால் எழுதிவிடலாம். செய்முறைத் தேர்வில்தான் மேற்படி பாடு எல்லாம் பலித்தது. விபத்தில் ரத்தப்போக்குக்கு டிரானெக்சாமிக் அமிலம் பற்றி வெளித்தேர்வாளர் கேட்டார். 2010-இல் வெளிவந்த கிராஷ்-2 ஆய்வு, 20,211 நோயாளிகள், 10 நிமிடத்தில் 1 கிராம், அடுத்த 8 மணி நேரத்தில் இன்னொரு கிராம், இறப்பு 16 சதவீதத்திலிருந்து 14.5 ஆகக் குறைந்தது என்று கடகடவென ஒப்பித்தேன். "சரி, அடிபட்டு நான்கு மணி நேரம் கழித்து வந்தால்?" என்றார். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு கொடுத்தவர்களில் ரத்தப்போக்கால் இறந்தவர்கள் கூடுதல் என்று சொன்னேன். "அடிபட்ட நேரம் உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர். டவுன் பஸ், பால் சொசைட்டி, 108 அழைப்பு என்று சொல்ல ஆரம்பித்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு தீஸிஸைப் புரட்டி, எத்தனை பேரை நீக்கினாய், ஏன் என்று அந்தப் பக்கத்தில்தான் நெடுநேரம் நின்றார். சோப்புக் கதையை மறைக்காமல் எழுதியிருந்தேன்.

இன்னொன்று. டியூட்டியில் சேரும் முதல் நாளே வார்டுச் சுவர்க் கடிகாரம், மானிட்டர், ஈசிஜி இயந்திரம் மூன்றையும் உங்கள் கைப்பேசியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் சுவர்க் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓடியது. ஈசிஜி இயந்திரத்தில் நான் படிப்பை முடித்து வரும்வரை 2006 ஜனவரி 1-தான்.