டியூப்லைட் வெளிச்சத்தில் பத்துக் கோடுகள்

“மீட்டர் பொய் சொல்கிறது, தம்பி” என்றார் ஓட்டுநர். முள் 800-இல் ஆடாமல் நின்றது. அரை நாள் குனிந்து, நிமிர்ந்து, கையைச் சுட்டுக்கொண்டு மாட்டிய மீட்டர். எனக்குச் சுருக்கென்றது.

குன்னூரில் லாரிகளுக்கு ஒயரிங் வேலை செய்பவன் நான். அது கேத்தி பாலாடாவில் கழுவிய கேரட்டை ஏற்றிக்கொண்டு, மூட்டைகளிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் பழைய டீசல் லாரி. அதன் முதலாளிக்குத் திடீரென்று, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் மீட்டர் மேல் ஆசை வந்ததற்குக் காரணம் இருந்தது. அவருடைய இன்னொரு வண்டியைச் சமவெளியிலிருந்து வந்த புது ஓட்டுநர் பர்லியார் இறக்கத்தில் அலறவிட்டு, வால்வுகளை வளைத்துவிட்டார். ஏற்றத்தில் எஞ்சின் வேகம் மிஞ்சாமல், டீசலைக் கூட்டிக் குறைக்கும் கவர்னர் பார்த்துக்கொள்ளும். இறக்கத்தில் அதனால் டீசலை நிறுத்த மட்டுமே முடியும். சரக்கின் எடை சக்கரத்தைத் தள்ள, சக்கரம் எஞ்சினைச் சுழற்றும். அந்தக் காலத்து லாரி எஞ்சின்களுக்கு 2400, மிஞ்சினால் 2800 சுற்றுதான் எல்லை. அதைத் தாண்டினால் வால்வு ஸ்பிரிங் ஈடுகொடுக்காது. மூட வேண்டிய நேரத்தில் மூடாத வால்வைப் பிஸ்டன் வந்து முட்டும்.

இந்த வண்டியின் ஓட்டுநருக்கு மீட்டர் தேவையே இல்லை. காதால் ஓட்டுகிறவர். ஆனால் அவர் விடுப்பு எடுக்கும் நாட்களில் அந்தப் புது ஓட்டுநர்தான் இந்த வண்டியில் ஏறுவார்.

பெட்ரோல் வண்டியென்றால் இக்னிஷன் காயிலிலிருந்து ஒரு ஒயரை இழுத்தால் மீட்டர் ஓடும். டீசலில் காயிலும் இல்லை, பொறியும் இல்லை. எஞ்சின் பெல்ட்டில் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைத்தான் நம்ப வேண்டும். அதற்குள் பிறக்கும் மின்சாரம், அதை ஒரே திசையில் ஓடவிடும் டயோடுகளைத் தாண்டும்வரை முன்னும் பின்னும் துடித்துக்கொண்டிருக்கும். அந்தத் துடிப்பை எண்ணினால் எஞ்சின் வேகம் தெரிந்துவிடும். சில ஆல்டர்னேட்டர்களில் இதற்கென்றே ‘டபிள்யூ’ என்று குறித்த முனை உண்டு. இதில் இல்லை. கழற்றித் திறந்து, உள்ளே அசையாமல் நிற்கும் ஸ்டேட்டர் காயிலின் ஒரு கட்டம் (ஃபேஸ்) டயோடு பிளேட்டில் சேரும் இடத்தில் ஒயரை வைத்து ஈயம் பற்றவைத்தேன். ஸ்லீவ் போட்டு, பின்மூடியில் ரப்பர் வளையம் செருகிய துளை வழியே வெளியே எடுத்து, உடனேயே ஒரு சிறு பியூஸும் வைத்தேன். அந்த ஒயர் உரசிப் பாடியைத் தொட்டால் ஆல்டர்னேட்டரே போய்விடும்.

மின் இணைப்பில் எனக்கு ஒரு பழைய பாவக்கணக்கு உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், 24 வோல்ட் வண்டி ஒன்றில் 12 வோல்ட் ரேடியோவை இரண்டு பேட்டரிகளுக்கு நடுவிலிருந்து இணைத்துக் கொடுத்தேன். பாட்டு நன்றாகத்தான் பாடியது. சில மாதங்களில் ஒரு பேட்டரி வற்றிப்போய், மற்றது பொங்கி, இரண்டும் போயின. ஒரே பேட்டரியிலிருந்து தின்றால் சார்ஜ் எப்படிச் சமமாக ஏறும்? பேட்டரிக்குப் பணம் கொடுத்தவர் இன்றும் என்னிடம் வண்டி விடுகிறார். அது அவருடைய பெருந்தன்மை. இந்த முறை 24 வோல்ட்டுக்கான மீட்டரையே வாங்கி, சாவி போட்டால் உயிர் வரும் ஒயரில் கொடுத்தேன்.

எர்த்துக்குத்தான் அதிக நேரம் போனது. இந்த ஊர்ப் பனியில் கேபின் தகடு உள்ளுக்குள்ளேயே துருவேறும். பெயின்டுக்கு மேல் திருகை முடுக்கினால், ஹெட்லைட் போட்டதும் மீட்டர் முள் துள்ளும். துரு போகச் சுரண்டி, வெள்ளைத் தகடு தெரிந்த பிறகு முடுக்கினேன். ஹெட்லைட் போட்டுப் பார்த்தேன், முள் அசையவில்லை. அந்தப் பெருமையில் இருந்தபோதுதான் பொய் என்ற சொல் வந்து விழுந்தது.

“கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறேன், அண்ணா. எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் ஆல்டர்னேட்டர் இரண்டு சுற்று. ஒரு சுற்றுக்கு ஆறு துடிப்பு. ஆக மொத்தம் பன்னிரண்டு.” மீட்டரின் முதுகில் இருக்கும் குட்டி ஸ்விட்சுகளைப் பன்னிரண்டுக்குத்தான் தள்ளியிருந்தேன்.

அவர் கியர் லீவரைக் காட்டினார். அதன் குமிழ் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. “எண்ணூறில் இது ஆடாது. அறுநூறில்தான் ஆடும்.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வேகம் அளக்கும் லேசர் கருவியும் கையில் இல்லை. இருட்டும்வரை காத்திருந்து, எஞ்சினை நிறுத்தி, எஞ்சினின் அதே வேகத்தில் சுழலும் கிராங்க் புல்லியின் முகத்தைத் துடைத்துச் சாக்பீஸால் நடுவிலிருந்து விளிம்புவரை ஒரே ஒரு கோடு போட்டேன். பட்டறையில் சோக் வைத்த பழைய டியூப்லைட் ஒன்று உண்டு. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை சுழல்வதால் அந்த விளக்கு நொடிக்கு 100 முறை மின்னி அணையும், நிமிடத்துக்கு 6000 முறை. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிமிட்டலில், சுழலும் ஒரு கோடு பல கோடுகளாக உறைந்து நிற்கும். 1500 சுற்றில் நான்கு, 1000-இல் ஆறு. எல்.இ.டி. விளக்கெல்லாம் இதற்கு நம்பகமில்லை.

வண்டியைக் கிளப்பச் சொல்லி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஃபேனுக்குத் தள்ளி நின்று எட்டிப் பார்த்தேன். புல்லியில் வெள்ளைக் கோடுகள் மங்கலாகச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் நின்றன. எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். பத்து. ஆறாயிரத்தைப் பத்தால் வகுத்தால் அறுநூறு.

அறுநூறை மீட்டர் எண்ணூறாகக் காட்டுகிறது. அதாவது நான் பன்னிரண்டு என்று சொல்லிவைத்த இடத்தில் பதினாறு துடிப்பு வருகிறது. ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் காந்தமான ரோட்டரின் ஒரு பாதியில் எத்தனை நகங்களோ, ஒரு சுற்றுக்கு அத்தனை துடிப்பு. ஆறு இருக்கும் என்று நானாக முடிவுசெய்திருந்தேன், இருந்தது எட்டு. பகலெல்லாம் அந்த ரோட்டர் என் மேசை மேல், என் கைக்கருகில்தான் கிடந்தது. ஈயம் வைத்த அழகையே ரசித்துக்கொண்டிருந்தவன், அதன் நகங்களை எண்ணவில்லை.

அதிகமாகக் காட்டும் மீட்டரால் ஆபத்து என்ன என்று தோன்றலாம். புது ஓட்டுநர் இரண்டாம் கியரில் இறங்குகிறார். உண்மையில் 1800, மீட்டரில் 2400. பயந்துபோய் மூன்றாம் கியருக்கு மாற்றுவார். எஞ்சின் பிடிப்பு தளரும், பாரமெல்லாம் கால் பிரேக்குக்குப் போகும், அடிவாரத்துக் கல்லாறு போய்ச் சேர்வதற்குள் டிரம் புகையும்.

ஸ்விட்சுகளைப் பதினாறுக்குத் தள்ளினேன். முள் 600-க்கு இறங்கியது. ஓட்டுநர் மீட்டரைப் பார்க்கவில்லை, கியர் குமிழைத்தான் பார்த்தார். அன்றைய கூலியில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து வண்டி மறுபடியும் வந்தது. காலையில் கிளப்பினால் முள் செத்துக் கிடக்கிறதாம், ஆக்சிலேட்டரை ஒருமுறை மிதித்தால்தான் எழுகிறதாம். அது பழுதில்லை, ஆல்டர்னேட்டர் விழித்து மின்சாரம் தரத் தொடங்கிய பிறகுதான் துடிப்பு வரும் என்றேன். மீட்டர் கண்ணாடியில் 2200-க்கு நேராகச் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது.

“புதுப் பையனுக்கு” என்றார்.

“மழைநாளில் பெல்ட் வழுக்கினால் மீட்டர் குறைத்துக் காட்டும், அண்ணா. அப்போது பொட்டைத் தொடுவதற்கு முன்பே எஞ்சின் எல்லையைத் தாண்டியிருக்கும். அவரிடம் அதையும் சொல்லுங்கள்.”

அவர் பானெட்டைத் திறந்து வைத்தார். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். தளர்ந்துதான் இருந்தது. ஸ்பானரை எடுத்தேன்.