பவர் சீட் மறுபடி நகர்கிறது: இதுவரை பார்த்த வேலை

என் காரில் ஓட்டுநர் சீட் எட்டுத் திசையில் நகரும். அதற்கு உள்ளே நான்கு மோட்டார்கள்: முன்பின் நகர்த்த ஒன்று, முன்பக்க உயரத்துக்கு ஒன்று, பின்பக்க உயரத்துக்கு ஒன்று, சாய்மானத்துக்கு ஒன்று. பருவமழை முடியும் தறுவாயில் நான்கும் மெதுவாகின, பிறகு அடியோடு நின்றுவிட்டன. நான்கு மோட்டாரும் ஒரே வாரத்தில் கெட்டுப்போக வாய்ப்பே இல்லை. எல்லாவற்றுக்கும் பொதுவான வழியில்தான் கோளாறு இருக்க வேண்டும்: ஃபியூஸ், பாசிட்டிவ் வயர், எர்த் வயர் (கரன்ட் காரின் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழி) இந்த மூன்றில் ஒன்று. 30 ஆம்பியர் ஃபியூஸ் நன்றாகவே இருந்தது.

சீட்டுக்கு அடியில் கை விடுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அங்கே மஞ்சள் நிறத்தில் ஒரு கனெக்டர் இருக்கும். சீட்டின் பக்கவாட்டு ஏர்பேக்குக்குப் போவது அது. அதில் மல்டிமீட்டரை வைக்கவே கூடாது, ஓம்ஸ் (மின்தடை) அளவில் வைப்பது அதைவிட ஆபத்து. மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டம்கூட அந்தச் சுற்றுக்குள் போகக் கூடாது. சீட்டைக் கழற்ற அதைப் பிடுங்கித்தான் ஆக வேண்டுமென்றால், பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருந்து செய்யுங்கள். எனக்கு அந்த அவசியம் வரவில்லை. மஞ்சளைத் தொடாமலே பவர் கனெக்டர் கைக்கு எட்டியது.

கனெக்டரில் இரண்டு தடித்த வயர்கள், சிவப்பும் கறுப்பும். பிடுங்காமல் பின்பக்கமாக மெல்லிய ஊசி செருகி அளந்தேன். 12.4 வோல்ட் காட்டியது. இந்த இடத்தில்தான் பலரும் "கரன்ட் வருது, மோட்டார்தான் போச்சு" என்று முடிவுகட்டிப் பணத்தைச் செலவழிக்கிறார்கள். ஸ்விட்சை அழுத்திக்கொண்டே மீட்டரைப் பார்த்தேன், 2 வோல்ட்டுக்கு விழுந்தது. விரலை எடுத்தால் மறுபடி 12.4. மின்னோட்டம் ஓடாதவரை எவ்வளவு மோசமான இணைப்பும் முழு வோல்ட்டேஜைக் காட்டும். லோடு ஏறினால்தான் அதன் வண்டவாளம் தெரியும்.

அடுத்து, மீட்டரின் கறுப்பு முனையைச் சீட்டை இறுக்கியிருக்கும் போல்ட்டில் வைத்தேன். ஸ்விட்சை அழுத்தியபோதும் சிவப்பு வயரில் 12 வோல்ட் அசையாமல் நின்றது. அப்படியானால் பாசிட்டிவ் சரி. கறுப்பு வயருக்கும் அதே போல்ட்டுக்கும் இடையே அளந்தால் கிட்டத்தட்ட 10 வோல்ட்! அங்கே பூஜ்யத்தை ஒட்டி, அதிகம் போனால் 0.2 வோல்ட்தான் இருக்கலாம். எர்த் போயிருந்தது.

எங்கள் தெரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் 21 வாட் பிரேக் பல்பில் இரண்டு வயர் கட்டிக் கொடுத்திருந்தார். "தம்பி, மீட்டர் சொல்றத இந்த பல்பு வச்சு ஒரு தடவ சரிபார்த்துக்கோ" என்றார். சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே வைத்தால் இழை மட்டும் சிவந்து தெரிந்தது. சிவப்புக்கும் பாடிக்கும் நடுவே வைத்தால் பளிச்சென்று எரிந்தது. ஏறக்குறைய ஒண்ணேமுக்கால் ஆம்பியர் இழுக்கும் அந்த பல்பை எந்த மீட்டரோடும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

கறுப்பு வயரைப் பின்தொடர்ந்து கதவுப்படிக் கவரையும் கார்ப்பெட்டையும் தூக்கினேன். அடியில் இருந்த பஞ்சு ஈரமாக இருந்தது. எர்த் போல்ட்டின் தலையில் திருநீறு பூசியதுபோல வெண்பொடி, வயர் நுனியின் வளையத்தைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. தொட்டதும் செம்பு இழைகள் உதிர்ந்தன. கெட்டுப்போன நுனியை வெட்டிவிட்டுப் புது வளையம் வைத்து கிரிம்ப் செய்து (நசுக்கிப் பிடிக்கவைத்து), பாடியை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து இறுக்கி, மேலே வாசலின் பூசினேன். இப்போது சீட் ஓடும்போது அந்த இடத்தில் 0.08 வோல்ட்தான் விழுகிறது.

ஈரம் வந்தது கதவு வழியாக. கண்ணாடியில் வழியும் மழைநீர் கதவுக்குள் இறங்கி, கீழே உள்ள துளைகளில் வெளியேறிவிடும். உள்பக்கம் வராமல் காப்பது கதவின் உள்பக்க மூடியான பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள்தான். எனக்கு முன் வைத்திருந்தவர் காலத்தில் ஸ்பீக்கர் மாற்றியபோது அது கிழிந்திருக்கிறது. பியூட்டைல் டேப் வைத்து ஒட்டிவிட்டேன், துளைகளில் அடைந்திருந்த மண்ணையும் எடுத்தாயிற்று.

சீட் உயிர் பெற்ற பிறகு இன்னொன்று வெளிப்பட்டது. பின்பக்கம் கீழே இறங்குகிறது, மேலே ஏறவில்லை. ஒரு திசையில் ஓடும் மோட்டார் மறு திசையில் நின்றால் முதலில் ஸ்விட்சைத்தான் பார்க்க வேண்டும். இந்த வகை ஸ்விட்சில், விரல் வைக்காதபோது மோட்டாரின் இரு முனைகளும் எர்த்தில் இருக்கும். அழுத்தும்போது ஒரு முனை மட்டும் 12 வோல்ட்டுக்குத் தாவும், மறுமுனை எர்த்திலேயே நிற்கும். திசை மாறுவது இப்படித்தான். மோட்டாரை இணைத்தபடியே 'மேலே' அழுத்தி, இரு முனைகளையும் பாடியோடு ஒப்பிட்டு அளந்தேன். இரண்டிலும் 12 வோல்ட்! 'மேலே' காண்டாக்ட் வேலை செய்கிறது, ஆனால் மோட்டாருக்குள் போன கரன்டுக்குத் திரும்ப வழியில்லை. கோளாறு இருந்தது 'கீழே' பக்கத்தில், சும்மா இருக்கும்போது எர்த்தைத் தொட வேண்டிய காண்டாக்டில். 'மேலே' காண்டாக்டே கெட்டிருந்தால் இரண்டிலும் பூஜ்யம் காட்டியிருக்கும். இந்த ஒரு அளவீட்டுக்காகவே இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது.

ஸ்விட்சைப் பிரித்தேன். ஸ்பிரிங் தெறித்து ஓடும், துணி விரித்து அதன்மேல் வைத்துப் பிரிக்கவும். அந்தக் காண்டாக்டில் மட்டும் கரி படிந்து நடுவில் சிறு பள்ளம். காண்டாக்ட் கிளீனர் நனைத்த தடித்த காகிதத்தை இடையே இழுத்துத் துடைத்தேன். இப்போது ஏறுகிறது, ஆனால் பள்ளம் விழுந்த காண்டாக்ட் நீண்ட நாள் தாங்காது. சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் இதே ஸ்விட்ச் தேட வேண்டும்.

மீதி இருப்பது சாய்மானம். பின்னால் சாயும்போது பாதியில் நின்று, சிறிது நேரம் ஆறிய பிறகு தானாக ஓடுகிறது. மோட்டாருக்குள் உள்ள வெப்பப் பாதுகாப்பு துண்டிப்பதாகப் படுகிறது, அதாவது கியர் எங்கோ இறுகியிருக்கலாம். அடுத்து, டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டி, யாரும் உட்காராதபோதும் ஆள் உட்கார்ந்திருக்கும்போதும் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்க்கப் போகிறேன்.