கடனை செட்டில் பண்ணிட்டேன்னு பெருமையா சொல்லிட்டு இருந்தேன்

நம்ம ஊர்ல கடனை செட்டில் பண்ணிட்டேன்னா முழுசா குடுத்துட்டேன்னு அர்த்தம், மளிகைக்கடை பாக்கியா இருந்தாலும் சரி, மச்சான்கிட்ட வாங்கின கைமாத்தா இருந்தாலும் சரி. பேங்க்ல அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம்னு எனக்குத் தெரிய 6 வருஷம் ஆச்சு, அதுவும் ஊரப்பாக்கத்துல ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் குடுத்ததுக்கு அப்புறம்.

2017ல வேலை போச்சு. கிரெடிட் கார்டு பாக்கி வட்டி, லேட் ஃபீஸ்னு ஏறி ஏறி 1,08,000ல வந்து நின்னுச்சு, தெரியாத நம்பர்னாலே போனை கவுத்து வெச்சிருவேன். ஒருநாள் ரெக்கவரிக்காரர் ஒருத்தர் ரொம்ப அன்பா, "45,000 கட்டுங்க சார், செட்டில் பண்ணி விட்டுர்றேன்"னார். அம்மா வளையலை அடகு வெச்சு கட்டினேன். லெட்டர் குடுத்தாங்க, சாமி படத்துக்குப் பின்னாடி வெச்சுட்டேன், அன்னிக்கு நைட்டு தூங்கின தூக்கம் இருக்கே!

2023ல ஹோம் லோன். ஃப்ளாட் 48 லட்சம், அந்த ரேஞ்சுல பேங்க் 80 சதவீதத்துக்கு மேல தராது, அதனால 38 லட்சம் கேட்டோம். சம்பளம் ஓகே, டாக்குமெண்ட் ஓகே, சிபில் ஸ்கோர், அதாவது கடனை நாம எவ்வளவு ஒழுங்கா கட்டுறோம்ங்கிறதுக்கான மார்க், அது மட்டும் 671. 750க்கு மேல இருந்தாத்தான் அவங்க முகத்துல சிரிப்பே வரும். "சார், உங்க கிரெடிட் ரிப்போர்ட்ல, பழைய கார்டு கடனுக்கு நேரா செட்டில்ட்னு இருக்கே"ன்னார் மேனேஜர். ஆமா சார் கட்டிட்டேன்னேன் நான், பெருமையா வேற. அவர் பொறுமையா சொன்னார், முழுசா கட்டியிருந்தா க்ளோஸ்ட்னு இருக்கும், செட்டில்ட்னா நீங்க பாதி குடுத்தீங்க, மீதியை அந்த பேங்க் நஷ்டம்னு எழுதிடுச்சுன்னு அர்த்தம். லோன் ரிஜெக்ட். பக்கத்துல உக்காந்திருந்த வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்க எழுத முடியாது.

அப்புறம் என்ன, கார்டு குடுத்த பேங்குக்கே போய் விட்ட மீதி 63,000ஐயும் கட்டி, பாக்கி எதுவும் இல்லைன்னு நோ டியூஸ் சர்டிஃபிகேட் வாங்கி, ரிப்போர்ட்ல க்ளோஸ்ட்னு மாத்தச் சொல்லி மெயில் மேல மெயில் போட்டு மாத்த வெச்சேன். மாறின உடனே ஸ்கோர் குதிச்சு ஏறிடும்னு நினைச்சேன், அதுவும் இல்ல, பழைய லேட் பேமெண்ட் எல்லாம் அப்படியே உக்காந்திருக்கு, மாசக்கணக்குல மெதுவாத்தான் நகர்ந்துச்சு. கடைசியா வேற பேங்க்ல லோன் கிடைச்சுது, 8.85 சதவீதத்துக்கு. நல்ல ஸ்கோர் இருக்கிற ஆபீஸ் நண்பனுக்கு 8.5. கேக்க சின்ன வித்தியாசம்தான், 20 வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தா மாசம் 850 ரூபா கிட்ட, மொத்தம் 2 லட்சம். அன்னிக்கு 63,000 மிச்சம்னு நினைச்சவன் நான்.

வீடு பாக்கப் போறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே உங்க கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்க. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க்னு இந்த ரிப்போர்ட் தர்ற நாலு கம்பெனி இருக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொண்ணும் ஃப்ரீயா குடுக்கணும்.

என் ரிப்போர்ட்ல சம்பந்தமே இல்லாம ஒரு பைக் லோன் வேற இருந்துச்சு. யாருதுடான்னு பதறிப் பார்த்தா, சித்தப்பா பையனுக்கு எப்பவோ போட்ட ஜாமீன் கையெழுத்து. நல்லவேளை, அவன் ஒழுங்கா கட்டிட்டு இருக்கான்.