சிகரெட்டை விட்டால் காபி தலைக்கேறும்

சிகரெட்டை விடப்போகிறேன் என்று நம் ஊரில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், உடனே வருவது ஒரே பதில்தான்: "மனசு வெச்சா முடியாதது என்னங்க இருக்கு." சொல்பவர் பெரும்பாலும் வாழ்க்கையில் ஒரு தம் கூட இழுக்காதவராக இருப்பார், இல்லையென்றால் அந்தக் காலத்திலேயே ஒரே நாளில் தூக்கிப் போட்டவராக இருப்பார். இரண்டு பேரிடமும் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மனசை எத்தனை மணிக்கு வைப்பது, வைத்த மனசு ஏற்காட்டு மலை அடிவாரம் செக்போஸ்ட் தாண்டுவதற்குள் வழுக்கிப் போனால் என்ன செய்வது என்று ஒருத்தரும் சொன்னதில்லை. நான் விட்டு ஒரு காபி சீசன் முழுசாக முடிந்துவிட்டது. இப்போது எழுதினால் யாரையும் கடிக்காமல் எழுத முடியும் என்று தோன்றுகிறது.

காபி சீசன் என்று சொல்லக் காரணம் என் பிழைப்பு. சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் சின்னதாக ஒரு பட்டறை, ஏற்காட்டு எஸ்டேட்டுகளுக்கு மோட்டார், பல்ப்பர், மருந்தடிக்கிற மெஷின் எல்லாம் பழுது பார்த்துக் கொடுப்பேன். பல்ப்பர் என்பது காபிப் பழத்தின் தோலை உரிக்கிற மெஷின். பறித்த பழத்தை அன்றைக்கே உரித்தாக வேண்டும், விட்டால் புளித்துவிடும், அதனால் நவம்பர் டிசம்பரில் சாயங்காலம் போன் வந்தால் ராத்திரியே மலை ஏற வேண்டியதுதான். கோரிமேடு தாண்டினால் அடிவாரம், அங்கே ஒரு டீ ஒரு தம். இருபது கொண்டை ஊசி வளைவில் ஏதாவது ஒன்றில் வண்டியை ஓரங்கட்டி, கீழே சேலம் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு இன்னொன்று. மேலே ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கில் ஒன்று. எஸ்டேட்டில் பல்ப்பரைத் திறந்து, தேய்ந்துபோன பித்தளைத் தகட்டைக் கழற்றி வேறு மாட்டி, தண்ணீர் திறந்துவிட்டு ஓடவிட்டால் ஒரு பத்து நிமிஷம் சும்மா நின்று சத்தத்தைக் கேட்க வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்தில் சும்மா நிற்கிற கைக்கு என்ன வேலை கொடுப்பது? எஸ்டேட் என்றால் காபி வேறு. எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் கேட்காமலே டம்ளர் வந்துவிடும்.

முதல் மூன்று நாளைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன், எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே கதைதான். ரத்தத்தில் இருக்கிற நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகும், அடுத்த இரண்டு மணி நேரத்தில் அதிலும் பாதி, இப்படியே போய் இரண்டு மூன்று நாளில் காலி. அவஸ்தையின் உச்சமும் அப்போதுதான். வாயில் புண், வயிறு கட்டிக்கொண்டது, ராத்திரி தூக்கம் துண்டு துண்டு. மூன்றாம் நாள் ஸ்பேனர் காணோம் என்று நான் போட்ட கூச்சலில் என் மனைவி சொன்னாள்: "ஏங்க, பேசாம திரும்பப் புடிச்சுத் தொலைங்க, வீடாவது நிம்மதியா இருக்கும்." கோபத்தில் சொன்னதுதான். ஆனாலும் அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ள ஒரு நொடி மனம் ரெடியாக இருந்தது.

இருமல் விஷயம் வேறு. விட்ட பிறகு இருமல் கூடியது. காற்றுக் குழாயில் சளியை மேலே தள்ளுகிற மெல்லிய மயிரிழைகள் உண்டாம், புகையில் முடங்கிக் கிடந்தவை மறுபடி வேலை செய்ய ஆரம்பிக்கும்போது அடைந்து கிடந்ததெல்லாம் வெளியே வருமாம். பட்டறைக்கு வந்த ஒருவர், "விட்டதாலதாங்க இருமுது, பழகின உடம்பு பாருங்க" என்றார். இப்படித்தான் நம் ஊரில் பாதிப் பேர் திரும்பவும் பிடிக்கிறார்கள்.

டீக்கடைக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடிவாரத்தில் நான் வழக்கமாக நிற்கிற கடையில் அண்ணன் என் முகத்தைப் பார்த்ததுமே டீ கிளாஸை வைத்து, பக்கத்திலேயே ஒரு ஃபில்டர் சிகரெட்டையும் உருட்டிவிடுவார், லைட்டர் கயிற்றில் தொங்கும். வேண்டாங்ணா என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு உண்மையான கவலையோடு கேட்டார்: "ஏன், உடம்புக்கு முடியலையா?"

அட்டையில் படம் போடுகிறார்களே, 2016லிருந்து பெட்டியின் 85 சதவீதத்துக்குப் பயமுறுத்துகிற படம், அதெல்லாம் என் போன்றவனைத் தொட்டதே இல்லை. நான் பெட்டியாக வாங்கியவன் இல்லை. நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் சில்லறையாகத்தான் வாங்குகிறோம், ஒன்று, ஒன்று, இன்னும் ஒன்று. கல்லா மேசைக்கு உள்பக்கம் இருக்கிற பெட்டியில் என்ன படம் இருந்தால் நமக்கென்ன? அதே பெட்டியில் 2018லிருந்து ஒரு போன் நம்பரும் இருக்கிறது, 1800-11-2356, விட நினைப்பவர்களுக்கான இலவச உதவி எண். ஒரு கல்யாண மண்டபத்தில் நண்பன் பெட்டியை நீட்டியபோதுதான் முதன்முதலாக அதைக் கவனித்தேன். கூப்பிட்டேன், தமிழிலேயே பேசினார்கள், அறிவுரை இல்லை, தம் ஆசை எப்போது வருகிறது, எங்கே வருகிறது, யாரோடு இருக்கும்போது வருகிறது என்று கேள்விகள்தான். பதில் சொல்லச் சொல்ல எனக்கே தெரிந்தது, நான் சொன்ன இடத்திலெல்லாம் ஒரு டம்ளரும் இருந்தது.

அப்புறம் அந்த நிகோடின் சூயிங்கம். 2 மில்லிகிராம் என்றால் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே தருகிறார்கள், 4 மில்லிகிராமுக்குச் சீட்டு வேண்டும். என் நண்பன் ஒருவன் இதை வாங்கி பபுள்கம் மாதிரி சவசவவென்று மென்று, தொண்டை எரிந்து, விக்கல் எடுத்து, "தூ, இதுக்கு அதுவே தேவலை மாப்ள" என்று துப்பிவிட்டான். அதை விடாமல் மென்றுகொண்டே இருக்கக் கூடாது. இரண்டு மூன்று கடி, காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைக்க வேண்டும், காரம் இறங்கியதும் இன்னும் இரண்டு கடி, மறுபடி ஒதுக்கல், இப்படியே அரை மணி நேரம். வெற்றிலை போடுகிற பாட்டி புகையிலையை அடக்கிக்கொள்வது மாதிரி என்று சொல்லியிருந்தால் அவனுக்கு ஒரே வரியில் புரிந்திருக்கும். நிகோடின் வாயின் உள்தோல் வழியாகத்தான் ஏற வேண்டும், வயிற்றுக்குப் போனால் வீண், விக்கல்தான் மிச்சம்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு, வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் சரியாக ஏறாது. அதாவது காபி குடித்தால் கால் மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும், போட்டிருக்கும்போது எதுவும் குடிக்கக் கூடாது. எஸ்டேட் எஸ்டேட்டாகக் காபி குடிக்கிற ஆளுக்கு இது எப்படி ஒத்துவரும்?

காபி செய்த பெரிய வேலை அதுவும் இல்லை. இரண்டாவது வாரம். முதல் நாட்களின் எரிச்சல் இறங்க வேண்டிய நேரம், எனக்கோ ஏறிக்கொண்டே போனது. கை நடுங்கி ஒரு திருகாணியைப் பிடிக்க முடியவில்லை, நெஞ்சு படபடவென்று அடித்தது, ராத்திரி இரண்டு மணிக்கு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். சிகரெட் என்னைப் பழிவாங்குகிறது என்றே நினைத்தேன், ஒன்றே ஒன்று பிடித்தால் எல்லாம் அடங்கிவிடும் என்று ஒரு குரல் வேறு. கடைசியில் பயந்துபோய் நெஞ்சு டாக்டரிடம் போனேன். ஈசிஜி எடுத்தார், ஒன்றும் இல்லை. அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை காபி?" என்றார். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன், ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனதும் போதும் என்று நிறுத்தச் சொன்னார்.

அவர் சொன்னது இதுதான். சிகரெட் புகையில் இருக்கிற சில பொருள்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடுகின்றன. கஃபீனைச் சிதைத்து வெளியேற்றுவது அதே நொதிதான். அதனால் தம் அடிக்கிறவர் உடம்பு கஃபீனை மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் காலி செய்துவிடும், எத்தனை டம்ளர் குடித்தாலும் அசராமல் தூங்குவார். விட்டுவிட்டால் சில நாளிலேயே அந்த நொதி பழைய நிதானத்துக்குத் திரும்பிவிடுகிறது. குடிக்கிற காபி அதே அளவு, ரத்தத்தில் தங்குவதோ ஏறக்குறைய இரட்டிப்பு. படபடப்பு, நடுக்கம், தூக்கமின்மை, எரிச்சல், எல்லாம் சிகரெட்டை விட்ட அவஸ்தை மாதிரியே இருக்கும், ஆனால் அதில் ஒரு பங்கு காபியின் வேலை. இது நிகோடினால் வருவது இல்லை, புகையால் வருவது, அதனால் சூயிங்கம் போட்டாலும் இதில் மாற்றம் இருக்காது. காபி மட்டும் இல்லை, ஆஸ்துமாவுக்கும் மனநலத்துக்கும் கொடுக்கிற சில மருந்துகளும் இதே வழியில்தான் வெளியேறுகின்றன, அப்படிப்பட்ட மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சிகரெட்டை விடும்போது டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், அளவு மாற்ற வேண்டி வரலாம்.

கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை பேர் மனசு மனசு என்று சொன்னார்களே, ஒருத்தராவது காபியைக் குறை என்று சொன்னாரா? ராத்திரி இரண்டு மணிக்கு நான் என் மன உறுதியைச் சோதித்துக்கொண்டிருக்கவில்லை, சாயங்காலம் குடித்த காபியைத் தாங்கிக்கொண்டிருந்தேன்.

காபியைப் பாதியாக்கினேன். சொல்வது சுலபம், ஏற்காட்டில் காபி வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள்! சேலத்துக்குக் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் அந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்து ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆகிறது, அன்றிலிருந்து அதை வேண்டாம் என்று சொன்ன முதல் ஆளைப் போல என்னைப் பார்த்தார்கள். "எங்க தோட்டத்துக் காபி அவ்ளோ மோசமாங்க?" என்று ஒரு மேஸ்திரி நிஜமாகவே முகம் வாடினார். அரை டம்ளர், மதியத்துக்கு மேல் கிடையாது என்று வைத்துக்கொண்டேன். நாலைந்து நாளில் கை நடுக்கம் நின்றது, தூக்கம் வந்தது. தம் ஆசை போகவில்லை, ஆனால் அது தனியாக வந்தபோது சமாளிக்கிற அளவில்தான் இருந்தது. ஐந்து நிமிஷம், மிஞ்சினால் பத்து, அப்புறம் தானாகவே இறங்கிவிடுகிறது, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.

இடங்கள்தான் பாக்கி. அந்த வளைவு வந்தால் வண்டி தானாக ஓரங்கட்டுகிறது, நான் என்ன செய்வது. அதனால் கொஞ்ச காலம் குப்பனூர் வழியாக மலை ஏறினேன். எனக்குச் சுற்றுதான், பெட்ரோல் கூடுதல்தான், ஆனால் அந்தப் பாதையில் நான் தம் அடித்த ஞாபகம் எந்தத் திருப்பத்திலும் இல்லை. மனைவிக்குக் காரணம் சொன்னபோது சிரித்தாள், பெட்ரோல் கணக்கைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மாசி, பங்குனியில் மலைச்சரிவு புல்லெல்லாம் காய்ந்து, அணைக்காமல் போட்ட ஒரு துண்டு போதும் காடு பற்றிக்கொள்ள, அந்த மாதங்களில் தீ எரிந்து கறுத்த சரிவுகளைப் பார்க்கும்போது மட்டும் இந்த விடுகிற வேலைக்கு என் நுரையீரலுக்கு வெளியேயும் ஒரு காரணம் இருக்கிறது என்று தோன்றும்.

மூக்கு திரும்ப வரும், நாக்கு திரும்ப வரும் என்று ஆசை காட்டுவார்கள். வந்தது உண்மைதான். பூமழை, அதாவது காபியைப் பூக்கவைக்கிற கோடை மழை, பெய்து செடி பூத்தபோது மல்லிகை மாதிரி ஒரு வாசம் தோட்டம் முழுக்க அடித்தது, இத்தனை வருஷம் அதற்குள் நின்றுதான் வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் அதே மூக்கோடுதான் சேலத்துக்கு இறங்கி வர வேண்டும், டவுனுக்குள் திருமணிமுத்தாற்றுப் பாலத்தைத் தாண்ட வேண்டும், அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நாக்கு வந்ததன் பலன் தட்டுவடை செட். பீட்ரூட், கேரட், வெங்காயம், இரண்டு சட்னி என்று அந்தச் சின்ன வட்டத்துக்குள் இத்தனை ருசி இருக்கிறதா என்று தினமும் சாயங்காலம் ஒரு தட்டு, அது போதாமல் ஒரு நொறுக்கல். விடுகிறவர்களுக்குச் சராசரியாக நாலைந்து கிலோ ஏறும் என்கிறார்கள், நான் சராசரியைத் தாண்டிவிட்டேன்.

உண்மையில் இழந்தது என்று ஒன்று உண்டென்றால் பேச்சுதான். பட்டறைக்குப் பின்னாடி சந்தில் நிற்கிற கும்பல், பக்கத்துக் கடைக்காரர்கள், லோடு ஆட்கள், எந்த எஸ்டேட் கைமாறுகிறது, யார் பாக்கி வைத்துவிட்டு ஓடினான், எல்லாச் செய்தியும் அங்கேதான் வரும். கையில் ஒன்றும் இல்லாமல் போய் நின்றால் பேச்சு கொஞ்சம் தடுமாறுகிறது, "உனக்குப் பக்கத்துல பிடிச்சா தப்பில்லையே" என்று அவர்களே விலகி நிற்கிறார்கள். அந்த மரியாதை எனக்கு வேண்டாம். வியாபாரத்துக்கே நஷ்டம், நிஜமாகத்தான் சொல்கிறேன், போன மாசம் ஒரு எஸ்டேட் கைமாறிய சேதி எனக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது, புது முதலாளி அதற்குள் வேறு ஆளிடம் மோட்டாரைக் கொடுத்துவிட்டார்.

ஆவணியில் நண்பன் வீட்டுக் கல்யாணம். மண்டபத்து மொட்டை மாடியில் பழைய கூட்டம் முழுக்க இருக்கும், ஒரே ஒரு இழுப்பு மாப்ள என்று யாராவது நீட்டாமல் இருக்க மாட்டார்கள். முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மொய் எழுதிவிட்டு, மாடிப்படிப் பக்கமே போகாமல் கிளம்புவதாகத் திட்டம். மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வண்டிச் சாவி அவளிடம்தான் இருக்கும், பந்திக்குப் பிறகு வருகிற காபியையும் அவளே குடித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.